தாதர் வரைக்கும் சண்டை

எண்பதுகளின் நடுவில், நாங்கள் பம்பாயில் முலுண்டில் குடியிருந்தபோது நடந்தது இது. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். சாயங்காலம் வி.டி. ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கலில் ஏறினால் முலுண்ட் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். என் ஆயுளில் பெரும்பகுதியை அந்த லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில்தான் கழித்திருக்கிறேன். பட்டாணி உரித்திருக்கிறேன், கீரை ஆய்ந்திருக்கிறேன், மகன் சட்டைக்குப் பட்டன் தைத்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட அதிகமாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆமாம், நான் சண்டைக்காரி. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மாட்டுங்காவில் ஒரு சாலில், வரிசை அறைகளில் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் கட்டடத்தில், பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்தவள். வாய் இல்லாவிட்டால் அங்கே ஒரு வாளித் தண்ணீர் கிடைக்காது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மிரண்டே போனார். பால்காரர், ஆட்டோக்காரர், மாடிவீட்டில் மிளகாய் இடிக்கும் அம்மாள் என்று ஒருவரையும் நான் விட்டதில்லை. டப்பாவில் எனக்கு ‘மிர்ச்சி’, அதாவது மிளகாய் என்று பெயர். என் காதுபடச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் எனக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் பரம விரோதி மஸ்ஜித் ஸ்டேஷனில் ஏறுவாள். அவள் என்று சொல்வது உரிமையில்தான், தவறாக நினைக்கவேண்டாம். என் வயதுதான் இருக்கும். கறுப்பு புர்கா, வியர்வை வழியும் வட்ட முகம், கையில் எப்போதும் ஒரு பெரிய மூட்டை. பம்பாய் லோக்கலில் பயணம் செய்தவர்களுக்கு ‘நாலாவது சீட்’ தெரிந்திருக்கும். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக வருகிறவர் ‘தோடா சர்கோ’ என்பார். கொஞ்சம் நகர்ந்துகொள் என்று அர்த்தம். உடனே மூன்று பேரும் இடுப்பை அசைத்து நகர்ந்து, நாலாவது ஆளுக்கு அரைச் சாண் இடம் கொடுக்கவேண்டும். எழுதாத சட்டம் அது. அதை நான் மீறியதே இல்லை. என் ஆட்சேபம் அந்த மூட்டைக்குத்தான். அவள் உட்காருவதோடு நிற்காமல் மூட்டையை என் முழங்காலில் இடித்தபடி வைப்பாள். ஒருநாள் நான் சட்டம் பேசினேன். மனுஷிக்கு நாலாவது சீட் உண்டு, மூட்டைக்கு அஞ்சாவது சீட் கிடையாது என்று.

இதெல்லாம் இந்தியில் நடந்தது. என் இந்தி உங்களுக்குத் தெரியாது. கோபம் வந்தால் ஆண்பால் பெண்பால் எல்லாம் ஓடிவிடும். "மை நஹீ சர்கேகா!" என்று, ‘நான் நகரமாட்டான்’ என்கிற மாதிரி, நான் ஆம்பிளையாக முழங்க, டப்பாவே சிரிக்கும். அவள் இந்தியும் என்னுடையதற்குச் சளைத்ததில்லை. இரண்டு பேரும் ஓட்டை இந்தியில் மஸ்ஜித்தில் ஆரம்பித்தால் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுலா, பரேல் எல்லாம் தாண்டி தாதர் வரைக்கும் போகும். தாதரில் ஏறும் கூட்டத்தில் மூச்சுவிடவே இடமிருக்காது என்பதால் அங்கே தானாக முடிந்துவிடும். அவள் சயானில் இறங்கிப் போவாள். நான் முலுண்டில் இறங்கி, ரொம்ப உற்சாகமாகக் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் நிலைமை மாறியது. சுவிட்ச்போர்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி கல்யாணமாகிப் பூனா போனாள். இன்னொருத்தி பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, உன்னைப்போல் கெட்டிக்காரிக்கு எதற்கு இன்னொரு ஆள், நீயே சமாளித்துவிடுவாய் என்றார். நானும் அந்தப் புகழ்ச்சியில் மயங்கித் தலையாட்டிவிட்டேன். அதுதான் வினை.

அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்கவேண்டும். லைன் கிடைத்தால் பேசவேண்டிய ஆசாமி சீட்டில் இருக்கமாட்டார். அவரைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தால் லைன் போய்விடும். இரண்டு பக்கத்துத் திட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான். சாப்பாட்டை போர்டு முன்னாலேயே விழுங்குவேன். பாத்ரூம் போய்வந்தால் போர்டு முழுக்க அழைப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், எங்கே தொலைந்தாய் என்று யாராவது கத்துவார்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. எப்போது ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமைக்கு எத்தனை டிரங்க் கால் இருக்கும் என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன். எங்கள் வீட்டில் டெலிபோனே கிடையாது, ஆனால் எனக்கு மணியடிப்பது கேட்கும். மகன், "அம்மா, இங்க பாரேன்" என்று கூப்பிட்டால், "ஒன் மொமெண்ட் ப்ளீஸ்" என்றேன் ஒருநாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. எதுவுமே வரவில்லை என்பதுதான் விஷயம். சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று தெரியாது, சாப்பிட்டாலும் தெரியாது.

குடும்ப டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரர் கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார். கண்ணாடியும் போட்டுக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? எல்லோருக்கும் என்னை அப்போதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. யாரையும் எதிர்த்துப் பேசவில்லை அல்லவா? மானேஜர், "நீ இப்போ ரொம்பப் பொறுப்பா ஆயிட்டே" என்று பாராட்டினார். மாடிவீட்டு அம்மாள் மிளகாயை இஷ்டத்துக்கு இடித்தாள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். வீட்டுக்காரர் ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே, "இப்பல்லாம் நீ எவ்வளவு சாந்தமா இருக்கே, தெரியுமா? வயசு ஆக ஆகப் பக்குவம் வரது" என்றார். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்திருந்த ஒரு சாயங்காலம். எப்போதும்போல் வி.டி.யில் ஏறிப் பலகை ஓரத்தில் உட்கார்ந்தேன். மஸ்ஜித்தில் என் விரோதி ஏறினாள். நேராக என்னிடம் வந்தாள். ‘சர்கோ’ என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெரிய மூட்டையைத் தூக்கி என் மடியில் தொப்பென்று வைத்தாள்!

எதிரே வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த மராட்டி அம்மாள் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள். மிர்ச்சி வெடிக்கப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன்? மூட்டை கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அவ்வளவுதான். அவள் உட்காரவே இல்லை. என் எதிரிலேயே கம்பியைப் பிடித்து நின்றபடி, தாதர் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்கா தாண்டியதும் சயானில் இறங்குவதற்காக அவள் மூட்டையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். ரயில் வேகம் குறைந்தது. என் காதுக்குள் சுவிட்ச்போர்டு மணி அடித்தது. சத்தியமாகக் கேட்டது. சட்டென்று எழுந்தேன். முலுண்ட் வந்துவிட்டது, இறங்கவேண்டும் என்று தோன்றியது. இறங்குகிறவர்கள் வழிவிட்டார்கள். அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போனேன்.

ரயில் சிக்னலுக்காக நின்றிருந்தது. கீழே பிளாட்பாரம் இல்லை. நான் காலை வெளியே வைத்துவிட்டேன்.

என் கையை யாரோ முறுக்கிப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின. நான் உள்ளே விழுந்த அதே நேரம் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு பாஸ்ட் லோக்கல் தடதடவென்று கடந்து போனது. அதன் காற்று என் முகத்தில் அறைந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் என் விரோதி. வளையல் கீறி அவள் உள்ளங்கையில் ரத்தம். அந்த மூட்டையைக் காணோம். என்னைப் பிடிப்பதற்காக அதைக் கைவிட்டிருந்தாள், அது வெளியே விழுந்து அவிழ்ந்து எங்கேயோ போய்விட்டது.

"யா அல்லா! எங்கம்மா போறிய? தண்டவாளத்துலயா எறங்குவிய?" என்றாள்.

தமிழ்! சுத்தமான திருநெல்வேலித் தமிழ்! ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தியில் என்னோடு மல்லுக்கட்டியவள் தமிழ்க்காரியா? "மூட்டை... உங்க மூட்டை..." என்று உளறினேன்.

"மூட்ட போனா போவுது. ஒங்களுக்கு என்ன செய்யுது, அதச் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் ஓவென்று அழுதேன். அந்த டப்பா முழுக்கப் பார்க்க, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். எத்தனையோ நாளாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது.

சயானில் என்னையும் இறக்கிவிட்டாள். நான் மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தாராவிக்குள் நடந்தாள். அவள் வீடு ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தில்தான். கீழே பட்டறை, மேலே பரண் மாதிரி ஓர் அறை. தோல் வாசனை கும்மென்று வந்தது. அவளும் புருஷனுமாகத் தோல் பர்ஸ் தைத்து மார்க்கெட்டில் போடுகிறவர்களாம். அன்றாடம் அந்த மூட்டையில் வந்தது ஜிப்பும் பக்கிளும் நூலும். அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பேன் காற்று என் மேல் படும்படி திருப்பி வைத்துவிட்டு வெளியே போனார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சி காட்டமாக இருந்தது. அந்தக் காட்டம் நாக்கில் தெரிந்ததே, அதுவே எனக்கு ஆச்சரியம்.

"நீங்க தமிழ்னு ஏன் சொல்லவே இல்லை?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "நீங்க தமிழ்னு எனக்கு மொத நாளே தெரியும்லா. வாய்க்குள்ள ‘கர்மம் கர்மம்’னு சொன்னியளே! நாந்தான் காட்டிக்கிடல. தமிழ்ல பேசிட்டா பொறவு எந்த ஊரு, எத்தன புள்ளைகன்னு வந்துரும். ஊர்க்காரவுக ஆயிருவோம். அப்புறம் எங்க சண்ட போடுதது? நாள் பூரா மார்க்கெட்ல கண்டவன்கிட்டயும் பணிஞ்சு பேசிட்டு வாறேன். ஒங்ககிட்ட நாலு வார்த்த கத்துனாத்தான் எனக்கு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பது அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. என் சண்டை குறைந்துகொண்டே வந்ததை அவள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கவனித்திருக்கிறாள். "மொதல்ல எல்லாம் தாதர் வரைக்கும் வருவிய. பொறவு பரேல்லயே வாய மூடிட்டிய. என்னடா இதுன்னு பாத்தேன். அப்புறம் பைகுலா. அப்புறம் மொறச்சுப் பாக்குறதோட சரி. கடேசில மொறைக்கக்கூட இல்ல. எங்க வூட்டுக்காரவுககிட்ட சொன்னேன், அந்த அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டு, பாவம்னு. இன்னிக்குச் சோதிச்சுப் பாத்துருவோம்னுதான் மடியில வச்சேன். நீங்க மூட்டையப் புள்ள மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கிய! அதான் உக்காராம ஒங்களையே பாத்துக்கிட்டு நின்னேன்."

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார், வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்தார். என் விரோதி என் சண்டையைப் பார்த்திருந்தாள். நான் எவ்வளவு தீர்ந்து போயிருக்கிறேன் என்பதற்குச் சரியான அளவு அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

அன்று அந்தப் பரணில், தோல் துண்டுகளுக்கு நடுவில், கீழே மறுபடி ஓட ஆரம்பித்த மிஷின் சத்தத்தில் கொஞ்ச நேரம் அசந்து தூங்கினேன். மணியடிக்கவில்லை. எழுந்ததும் அவளே மறுபடி ரயிலேற்றி முலுண்ட் வரை கூடவே வந்தாள். வாசலில் வீட்டுக்காரர் பதறிப்போய் நின்றிருந்தார். உடைந்த வளையலோடு நானும், கையில் கட்டுப் போட்ட அவளும் நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "ஒங்க வீட்டம்மா சண்ட போடுறதயே நிறுத்திட்டாக. நீங்க கவனிக்கலியா?"

"கவனிச்சேனே... அது நல்லதுன்னுல்ல நினைச்சேன்" என்றார் அவர்.

"நல்ல ஆளு நீங்க! கத்துற வாய் சும்மா இருந்தா என்னன்னு கேக்காண்டாமா?" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீசில் என்னதான் நடக்கிறது என்று முதல்தடவையாகக் கேட்டார். நானும் முதல்தடவையாகச் சொன்னேன்.

லீவு நிறைய பாக்கி இருந்தது. எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் தூக்கம், தூக்கம், தூக்கம். வீட்டுக்காரர் சமைத்தார். வாயில் வைக்க முடியாது, ஆனாலும் சமைத்தார். நடுநடுவே ஒரு பயம் வரும். வேலையை விட்டுவிட வேண்டியதுதானா? எனக்கு அந்த வேலை பிடிக்கும். எங்கள் சாலிலிருந்து கோட்டைப் பகுதி ஆபீசுக்கு வேலைக்குப் போன முதல் பெண் நான். அதை விட்டால் நான் யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போது மாடியில் ‘டங் டங்’ என்று மிளகாய் இடிக்கும் சத்தம். கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு என்னையறியாமல் எழுந்து, படியேறிப் போய், மத்தியான வேளையில் மனுஷர் தூங்கவேண்டாமா என்று ஒரு பிடி பிடித்தேன். இறங்கி வரும்போது கால் லேசாக இருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று, வாயெல்லாம் பல்லாக, "இன்னும் கொஞ்சம் கத்தேன்" என்றார்!

லீவு முடிந்து போன அன்றே மானேஜர் அறைக்குப் போனேன். இன்னொரு ஆபரேட்டர் வருகிற வரைக்கும், சாப்பாட்டு நேரத்தில் போர்டை யாராவது பார்த்துக்கொண்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் போர்டு மூடியிருக்கும் என்றேன். நன்றாக இருந்தாயே, திடீரென்று என்ன வந்தது என்றார். "அப்போ நன்னா இல்லை சார். இப்போதான் நன்னா இருக்கேன்" என்றேன். அவர் முணுமுணுத்தார், நான் நகரவில்லை. மாதம் முடிவதற்குள் புதிதாக ஒரு பெண் வந்தாள்.

லீவு முடிந்து போன அந்த முதல் நாள் சாயங்காலமே வி.டி.யில் ஏறி என் ஓரத்தில் உட்கார்ந்தேன். மஸ்ஜித்தில் அவள் ஏறினாள். புது மூட்டை, பழையதைவிடப் பெரிது. என் முன்னால் வந்து நின்று, இந்தியில், "தோடா சர்கோ" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கண்ணில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது.

"மை நஹீ சர்கேகா!" என்றேன்.

டப்பாவே கைதட்டியது. மராட்டி அம்மாள் எழுந்து நின்று விசிலடிக்காத குறைதான். நாங்கள் இருவரும் ஓட்டை இந்தியில் பிடித்தோம் பாருங்கள் ஒரு சண்டை! பைகுலா போனது, பரேல் போனது, தாதரும் போனது. அன்றைக்கு மட்டும் சயான் வரைக்கும் நீண்டது. இறங்கும்போது என் காதருகில் குனிந்து தமிழில், "நல்லா இருக்கிய" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பெருநாளைக்கு அவள் வீட்டிலிருந்து பிரியாணி வரும், எங்களுக்காகத் தனியே காய்கறி போட்டது. தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். ஆனால் ரயிலில் மட்டும் தமிழ் கிடையாது. அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

நான் ரிடையராகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது செம்பூரில் இருக்கிறோம். நான் வழக்கத்துக்கு மாறாகச் சும்மா உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இப்போ எந்த ஸ்டேஷன்?" என்று கேட்கிறார். அந்த நாளுக்குப் பிறகு பிறந்த என் மகள் இன்று பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் பட்டதற்கெல்லாம் ‘பர்ன்அவுட்’ என்று பெயராம், அவள் ஆபீசில் அதை அளக்கக் கேள்விகள்கூட வைத்திருக்கிறார்களாம். நல்ல விஷயம். என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். போனில் பேசும்போதெல்லாம், "இன்னிக்கு யாரோட சண்டை போட்டே?" என்று கேட்பேன். அவளுக்கும் என் வாய்தான், மளமளவென்று கொட்டுவாள், நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். "யாரோடயும் இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் போறது" என்று அவள் மெல்லிய குரலில் சொல்லும் நாளில் மட்டும், செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த ரயிலில் அவள் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறேன்.